கார் நேவிகேஷனா, போன் மேப்பா? இரண்டையும் நம்பி ஓட்டியதில் தெரிந்துகொண்டவை

புது வண்டி எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது இது: “நேவிகேஷனோடு வரும் மாடலுக்குக் கூடுதலாகப் பணம் கேட்கிறார்கள். போனிலேயே மேப் இருக்கிறதே, அது போதாதா?” வேலை நிமித்தம் நான் போகும் இடங்களில் பாதிக்கு மேல் அதுவரை காலெடுத்து வைக்காத இடங்கள். டிஸ்க்கில் மேப் போட்டு வந்த பழைய வண்டி, டேஷ்போர்டில் போனை மாட்டிக்கொண்டு ஓட்டிய வண்டி, இப்போது சொந்த நேவிகேஷனும் போனைத் திரையில் காட்டும் வசதியும் சேர்ந்த வண்டி என்று மூன்றையும் பார்த்துவிட்டேன். அதனாலேயே இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

வழிகாட்டும் கருவி செய்வது இரண்டு வேலை. வண்டி இந்த நொடியில் எந்தச் சாலையில், எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று கண்டுபிடிப்பது ஒன்று. முன்னால் இருக்கும் சாலை திறந்திருக்கிறதா, நெரிசலா, தேடிப்போகும் கட்டடம் எங்கே என்று சொல்வது இன்னொன்று. முதல் வேலையில் வண்டியோடு வரும் கருவிதான் கெட்டி. இரண்டாவதில் போனை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், எதை எப்போது நம்புவது என்ற குழப்பம் எனக்குத் தீர்ந்தது.

வண்டி எங்கே நிற்கிறது?

வானம் திறந்திருக்கும் நெடுஞ்சாலையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. நாம் இருக்கும் இடத்தைக் கணக்கிடக் குறைந்தது நான்கு கோள்களின் சிக்னல் வேண்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான சிக்னலை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மழுங்கடித்து வைத்திருந்தது; அப்போது 100 மீட்டர் வரைகூடப் பிசகும். அது நீங்கிய பிறகுதான் காரில் வழிகாட்டி என்பது நம்பி வாங்கத்தக்க பொருளானது. இன்றைய போன்கள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றின் சிக்னலையும் சேர்த்தே வாங்குகின்றன. திறந்த வெளியில் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். வண்டி ஓட்ட அது தாராளம்.

தலைக்கு மேல் வானம் மறைந்தால்தான் சிக்கல். ஒருமுறை அக்கா மகனோடு நீளமான சுரங்கப்பாதை ஒன்றில் போய்க்கொண்டிருந்தேன். உள்ளேயே பாதை இரண்டாகப் பிரியும், அதோடு நெரிசல். போன் அவன் கையில் இருந்தது. “மாமா, நாம வெளிய வந்துட்டோம்னு காட்டுது,” என்றான். நாங்கள் சுரங்கத்தில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. நுழையும்போது இருந்த வேகத்தை வைத்துக்கொண்டு அந்தச் செயலி நீலப் புள்ளியைத் தானாக நகர்த்திக்கொண்டே போயிருந்தது. உள்ளே நாங்கள் ஊர்ந்துகொண்டிருந்தது அதற்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் பிரிய வேண்டும் என்பதை எப்போதோ சொல்லி முடித்துவிட்டு, வெளியே இருக்கும் அடுத்த திருப்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. வண்டியின் சொந்தத் திரையில் அம்புக்குறி எங்களோடு சேர்ந்தே ஊர்ந்தது. நாங்கள் நின்றால் நின்றது. “இதுல இன்னும் முந்நூறு மீட்டர் இருக்கு மாமா, இப்பவே இடது பக்கம் ஒதுங்கிடுங்க,” என்று அவன் அதைப் பார்த்துச் சொன்னான். சரியாக அந்த இடத்தில்தான் பிரிந்தது.

காரணம் எளிது. வண்டியின் கருவி சக்கரத்தோடு இணைந்தது. பிரேக் வேலைக்காகச் சக்கரங்களில் இருக்கும் சென்சார்கள் எவ்வளவு தூரம் உருண்டது என்று சொல்கின்றன. எவ்வளவு திரும்பியது என்று ஒரு கைரோஸ்கோப் சொல்கிறது. கரண்ட் போன இரவில் சொந்த வீட்டுக்குள் அடி எண்ணி நடப்பதைப் போல, கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே அது நகர்கிறது. போனிலும் கைரோஸ்கோப் இருக்கிறது. ஆனால் சக்கரம் உருள்கிறதா நிற்கிறதா என்று அதற்குச் சொல்ல யாருமில்லை.

சொல்லப்போனால் காரில் வழிகாட்டி தொடங்கியதே செயற்கைக்கோள் இல்லாமல்தான். 1981-ல் ஹோண்டா கொண்டுவந்த எலக்ட்ரோ கைரோகேட்டர், வாயுவால் இயங்கும் கைரோஸ்கோப்பையும் ஓடிய தூரத்தையும் மட்டும் நம்பியது; ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்ட மேப்பைத் திரைக்கு முன்னால் செருகிக்கொள்ள வேண்டும். 1985-ல் அமெரிக்காவில் வந்த ஈடாக், மேப்பைக் கேசட்டில் வைத்துக்கொண்டு, சக்கரக் கணக்கைச் சாலையின் வளைவுநெளிவோடு பொருத்திப் பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொண்டது. ஜி.பி.எஸ். பொருத்திய வண்டி, 1990-ல் மஸ்டாவின் யூனோஸ் காஸ்மோவில்தான் வந்தது. அந்தப் பழைய சக்கரக் கணக்குதான் இன்றும் சுரங்கத்தில் நம்மைக் காப்பாற்றுகிறது என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. போன் பக்கமும் சும்மா இல்லை. சுரங்கச் சுவர்களில் சின்ன புளூடூத் கருவிகளைப் பதித்து போனுக்கு இடம் சொல்லும் முயற்சியை வேஸ் என்ற வழிகாட்டிச் செயலி 2016-ல் தொடங்கியது. பதித்திருக்கும் சுரங்கங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. எல்லாச் சுரங்கத்திலும் அது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மேம்பாலம் இதைவிடத் தொல்லை. ஜி.பி.எஸ். கணக்கில் பக்கவாட்டுப் பிசகைவிட உயரத்தில் வரும் பிசகு அதிகம். மேலே ஒரு சாலை, அதன் நிழலில் கீழே ஒரு சாலை என்றால் போனுக்கு இரண்டும் ஒரே கோடு. மேலே ஏறிவிட்ட பிறகும் “அடுத்த சிக்னலில் வலப்பக்கம் திரும்பவும்” என்று கேட்கும்போது புது ஊரில் கை நடுங்கத்தான் செய்யும். வண்டியின் கருவி, மூக்கைத் தூக்கி ஏறியதை உணரும் சென்சார் இருந்தால், பெரும்பாலும் சரியாகப் பிடித்துவிடுகிறது. எல்லா வண்டியிலும் அந்தச் சென்சார் இல்லை. அதனால் பாலம் கண்ணில் பட்டவுடன் நான் பேச்சை நிறுத்திவிட்டுத் தலைக்கு மேல் இருக்கும் பெயர்ப்பலகையைத்தான் படிக்கிறேன். சில செயலிகள் இப்போது “மேம்பாலத்தில் ஏறவும்” என்று தனியாகச் சொல்லத் தொடங்கியிருக்கின்றன, நல்ல மாற்றம். ஆனால் ஏறினோமா இல்லையா என்பதை அவை தெரிந்துகொள்வதில் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது.

அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து கிளம்பும்போதும் இதே கதை. வண்டியின் கருவி, அணைக்கும்போது எந்தத் திசை பார்த்து நின்றோம் என்பதை நினைவில் வைத்திருக்கும். வாசலுக்கு வருவதற்குள் இடமா வலமா என்று சொல்லிவிடும். போன் “வடக்கு நோக்கிச் செல்லவும்” என்று ஆரம்பிக்கும். சுற்றிலும் இரும்பு இருக்கும் காருக்குள் அதன் திசைகாட்டியும் குழம்பிப் போகும். பின்னால் ஒருவர் ஹாரன் அடிக்க, வாசலில் நின்றுகொண்டு வடக்கு எது என்று யோசிக்க முடியாது. முதல் திருப்பத்தை மட்டும் கிளம்பும் முன்பே மேப்பைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்வது என் வழக்கம். சாலைக்கு வந்து நூறு இருநூறு மீட்டர் ஓடியதும் போன் தெளிந்துவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று கண்ணாடி. வெயில் சூட்டைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய முன்கண்ணாடி உள்ள வண்டிகளில், போனுக்கு வரும் செயற்கைக்கோள் சிக்னல் பாதியிலேயே வலுவிழந்துவிடும். வண்டியின் சொந்த ஆன்டெனா பெரும்பாலும் கூரை மேல் இருப்பதால் அதற்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அப்படிப்பட்ட கண்ணாடியிலும், பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்புறம் பூச்சில்லாத ஒரு சின்ன இடத்தை விட்டிருப்பார்கள். சுங்கச்சாவடி அட்டை ஒட்ட விடும் இடம் அது. அந்தப் பகுதிக்கு அருகில் போனை வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். இன்னும் நல்ல வழி, போனை வண்டித் திரையில் காட்டும் கார்ப்ளே (ஐபோனுக்கு) அல்லது ஆண்ட்ராய்டு ஆட்டோ மூலம் வண்டியோடு இணைப்பது. பல வண்டிகள் அப்போது தங்கள் ஆன்டெனா தரும் இடத்தகவலைப் போனுக்குக் கொடுக்கின்றன. போன் மேப்பின் பெரிய குறை அதோடு பெருமளவு சரியாகிவிடுகிறது. எல்லா மாடலிலும் இது இல்லை. விற்பனையாளரிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது, ஓட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முன்னால் என்ன இருக்கிறது?

என் பழைய வண்டியில் ஒரு புறவழிச்சாலையில் போகும்போது திரையில் சாலையே இருக்காது. வெறும் வெளிர் மஞ்சள் பரப்பு. அதன் நடுவில் அம்புக்குறி மட்டும் மிதந்துகொண்டு போகும். சில விநாடிக்கு ஒருமுறை “முடிந்தால் திரும்பிச் செல்லவும்” என்று குரல் வரும். அந்தச் சாலை திறந்து வெகுநாள் ஆகியிருந்தது. மேப்பைப் புதுப்பிக்கச் சர்வீஸ் சென்டரில் கேட்டபோது அவர்கள் சொன்ன தொகைக்கு ஒரு நடுத்தரப் போனே வாங்கிவிடலாம். புதுப்பித்தாலும் வருவது பல மாதங்களுக்கு முன் தயாரான மேப்தான். மேப் நிறுவனம் தகவலைத் திரட்டி, வண்டி நிறுவனம் அதைச் சோதித்து, தன் திரைக்கு ஏற்றபடி மாற்றி வெளியிடுவதற்குள் காலம் ஓடிவிடுகிறது. இணையத்தோடு இணைந்த புதிய வண்டிகளில் இந்தத் தாமதம் குறைந்திருக்கிறது. ஆனாலும் போன் மேப்பில் ஒரு சாலை தோன்றும் வேகத்துக்கு அவை ஈடில்லை.

2009 அக்டோபரில் கூகுள் ஆண்ட்ராய்டு போன்களில் திருப்பத்துக்குத் திருப்பம் வழிசொல்லும் வசதியை இலவசமாகக் கொடுத்தது. தனி வழிகாட்டிக் கருவி விற்றுக்கொண்டிருந்த நிறுவனங்களின் பங்கு விலை உடனே சரிந்தது. அவர்கள் பயந்தது விலையைப் பார்த்து. ஓட்டுகிற எனக்குப் பெரிதாகப் பட்டது நெரிசல் தகவல். சாலையில் போகும் ஒவ்வொரு போனும் தன் வேகத்தைச் சொல்லிக்கொண்டே போவதால், எங்கே வண்டிகள் நிற்கின்றன என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. பழைய வண்டிகளில் எஃப்.எம். அலைவரிசையோடு சேர்ந்து வரும் டி.எம்.சி. என்ற தகவல்தான், முக்கியச் சாலைகளைத் தாண்டி அதற்கு ஒன்றும் தெரியாது.

இப்போதைய வண்டிகளில் சொந்த சிம் இருக்கிறது, நேரடி நெரிசல் தகவல் வருகிறது, உண்மைதான். எத்தனை வருடம் வரும் என்பதே கேள்வி. ஆரம்பத்தில் சில வருடம் இலவசம், அதன் பிறகு சந்தா. சந்தா கட்டினாலும் நிலையில்லை. அமெரிக்காவில் 2022-ல் 3ஜி சேவைகள் மூடப்பட்டபோது, நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த ஏராளமான வண்டிகளின் இணையச் சேவைகள் நின்றுபோயின. உள்ளே இருந்த மோடம் 3ஜி-க்கானது. 2019 ஏப்ரல் 6 அன்று வேறொன்று நடந்தது. ஜி.பி.எஸ். வாரங்களை எண்ணும் எண் 1,024-ஐ எட்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சிலவற்றில் தேதி பல வருடம் பின்னால் போய்விட்டது. வண்டி பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும். அதற்குள் இருக்கும் கணினிக்கு அந்த ஆயுள் இல்லை. போனை நாம் எப்படியும் சில வருடங்களில் மாற்றிவிடுகிறோம். நேவிகேஷனுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுத்து மேல்மாடல் எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம், தேடுவது. வண்டியின் கருவிகள் பலவற்றில் இன்னமும் ஊர், தெரு, கதவு எண் என்று வரிசையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஓர் எழுத்து மாறினால் இல்லை என்று சொல்லிவிடும். போனில் பாதிப் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொன்னால் போதும். அதைவிட முக்கியம், இன்று யாரும் முகவரி சொல்வதில்லை, லொகேஷன் அனுப்புகிறார்கள். அதைத் தொட்டால் போனில் வழி வந்துவிடும். அதையே வண்டியின் கருவிக்குள் கொண்டுபோக, நிறுவனத்தின் தனிச் செயலி வழியாக அனுப்ப வேண்டும். பாதி நேரம் அது போய்ச் சேருவதில்லை.

போன் கைவிடும் இடங்கள்

இவ்வளவு சொன்ன பிறகு, போன் கைவிடும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். மலைப்பாதையில் டவர் போய்விட்டால் நீலப் புள்ளி நகரும், ஏனென்றால் ஜி.பி.எஸ். வாங்க நெட் தேவையில்லை. ஆனால் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் புது வழி போட்டுத் தருவதற்குப் பெரும்பாலும் நெட் வேண்டும். பழைய கோடு அப்படியே நிற்கும், சுற்றிலும் மேப் வெள்ளையாகிவிடும். வண்டிக்குள்ளேயே முழு மேப்பும் இருக்கும் கருவி இந்த இடத்தில் எதுவுமே நடக்காதது போல் அடுத்த வழியைச் சொல்லும்.

இதற்கு மருந்து, மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது. கூகுள் மேப்ஸில் நெட் இல்லாமல் வழிகாட்டும் வசதி 2015-லிருந்து இருக்கிறது. ஆப்பிள் மேப்ஸில் 2023-ல் ஐ.ஓ.எஸ். 17-ஓடு வந்தது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை வைத்து இயங்கும் ஆஸ்ம்அண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்றவற்றில் முழு நாட்டையே இறக்கிக்கொள்ளலாம். மலை, காட்டுப் பக்கம் போகும்போது இவற்றில் ஒன்றும் என் போனில் கட்டாயம் இருக்கும். இறக்கும்போது போகும் இடத்தை மட்டும் இறக்குபவர்கள் அதிகம். வழி நெடுக வேண்டும், வேறு வழியாகத் திரும்புவதாக இருந்தால் அதுவும் வேண்டும். கூகுளில் இறக்கிய மேப்புக்குக் காலாவதி நாள் உண்டு, அதையும் பாருங்கள். நெட் இல்லாதபோது நெரிசலும் மாற்று வழிகளும் வராது. இறக்கியது சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, முதல் நாள் இரவு போனை ஏரோபிளேன் மோடில் போட்டுப் போகும் இடத்தைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் கவலையில்லை.

டவர் இல்லாத இடத்தில் போனை அணைத்துப் போட்டால் இடத்தைப் பிடிக்க வெகுநேரம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். செயற்கைக்கோள் தன் தகவலை விநாடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. ஒரு கோள் தன் பாதையைச் சொல்லி முடிக்கவே சுமார் அரை நிமிடம். எல்லாக் கோள்களின் பட்டியலும் வந்து சேர 12.5 நிமிடம். வழக்கமாகப் போன் இந்தத் தகவலை நெட்டிலிருந்து நொடியில் எடுத்துக்கொள்கிறது. நெட் இல்லையென்றால் காத்திருக்கத்தான் வேண்டும். மரத்தடியை விட்டு வெளியே வந்து, வானம் தெரியும் இடத்தில் வண்டியை அசையாமல் நிறுத்திக் கொஞ்சம் பொறுங்கள். ஓடிக்கொண்டே இருந்தால் இன்னும் தாமதமாகும்.

அடுத்தது சூடு. ஐபோன்களை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். உச்சிவெயிலில் கண்ணாடியை ஒட்டி மாட்டிய போன் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். அது ஒரேயடியாக அணைவதில்லை. முதலில் திரை மங்கும். வெயிலில் ஒன்றும் தெரியாமல் நாம் வெளிச்சத்தைக் கூட்டப் பார்ப்போம், கூடாது. பிறகு சார்ஜ் ஏறுவது நிற்கும். கடைசியில் எச்சரிக்கையோடு மேப் மறையும். அது மறையும் இடம் எனக்கு எப்போதும் பெரிய சந்திப்பாகவே வாய்த்திருக்கிறது. ஏ.சி. காற்று வரும் இடத்தில் மாட்டும் ஸ்டாண்டுக்கு மாறிய பிறகு இந்தத் தொல்லை போயிற்று. குளிர்நாளில் ஹீட்டர் போட்டால் அதே வழியாகச் சூடான காற்று வரும் என்பதை நினைவில் வைத்து, அந்த ஒரு துவாரத்தை மட்டும் மூடிவிடுங்கள். வயர்லெஸ் சார்ஜரும் போனைச் சூடாக்கும். நீண்ட பயணத்தில் ஒயரே நல்லது.

ஒயர் என்றதும் இன்னொன்று. வண்டித் திரையில் போன் மேப் திடீர் திடீரென்று மறைகிறது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது போனின் சார்ஜ் துளையை. பாக்கெட் நூலும் தூசியும் அங்கே அடைந்து கெட்டியாகிவிடும். போனை அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெதுவாக எடுத்தால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது. மீதிப் பேருக்கு, சார்ஜுக்கென்று வாங்கிய மலிவான ஒயர்தான் காரணம். ஒயரில்லாமல் இணைக்கும் வசதி புளூடூத்தில் முதலில் தொடர்பு பிடித்துக்கொண்டு, படத்தை வைஃபையில் அனுப்புகிறது. பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனாலும் ஒரு நல்ல ஒயரை வண்டியிலேயே போட்டு வையுங்கள்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் விதத்திலும் இரண்டுக்கும் குணம் வேறு. போன் நிமிடத்தைக் கணக்குப் பார்க்கும். இரண்டு நிமிடம் மிச்சமாகும் என்றால் எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லாத சந்துக்குள்ளும் அனுப்பிவிடும். நம் வண்டி எவ்வளவு அகலம், கூரை மேல் என்ன கட்டியிருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. லாரி ஓட்டுபவர்களும் பின்னால் வண்டி இழுப்பவர்களும் உயரம், எடை கேட்கும் தனிக் கருவிகளையே நம்ப வேண்டும். சாதாரணச் செயலியை நம்பித் தாழ்வான பாலத்தடியில் போய் நிற்பது உயிருக்கே ஆபத்து. வண்டியின் சொந்தக் கருவி பொதுவாகப் பெரிய சாலையை விட்டு இறங்க யோசிக்கும். பகலில் அது எனக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது. இரவில், மழையில், தெரியாத இடத்தில் அந்தக் குணம்தான் எனக்கு வேண்டும். போன் மேப்பில் போகும் இரவுகளில் நான் கடைசி சில கிலோமீட்டரைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டே கிளம்புகிறேன். கோடு மெலிந்து போகும் இடத்தில், சுற்றானாலும் பெரிய சாலையைத் தேர்ந்தெடுத்துவிடுவேன்.

மின்சார வண்டி என்றால்

இதுவரை சொன்ன கணக்கு மின்சார வண்டியில் தலைகீழாகிறது. வேலைக்காக ஒன்றை ஓட்டத் தொடங்கியபோதுதான் இது எனக்கு உறைத்தது. போய்ச் சேரும்போது பேட்டரியில் எவ்வளவு மிஞ்சும் என்பதை வண்டியின் கருவி உண்மையான செலவை வைத்துச் சொல்கிறது. ஏற்றம், வெளிக்குளிர், ஹீட்டர் எல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும். வழியில் எங்கே நின்று எவ்வளவு நேரம் சார்ஜ் ஏற்றலாம் என்றும் சேர்த்தே திட்டம் போடும்.

இன்னொரு வேலையும் சத்தமில்லாமல் செய்கிறது. வேக சார்ஜரைப் போகும் இடமாகக் கொடுத்தால், போய்ச் சேருவதற்குள் பேட்டரியைத் தேவையான சூட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. குளிர்ந்த பேட்டரி வேகமாக சார்ஜ் வாங்காது. ஒரே சார்ஜருக்குக் குளிரான காலை வேளைகளில் இரண்டு விதமாகவும் போயிருக்கிறேன். போன் மேப்பை வைத்துப் போன அன்று சார்ஜ் ஏறும் வேகம் வெகுநேரம் கீழேயே கிடந்தது. வண்டியின் கருவியில் அந்த இடத்தைக் கொடுத்துப் போன அன்று, செருகியவுடன் நன்றாக ஏறியது. பல மாடல்களில் அவர்களுடைய நேவிகேஷனில் போட்டால்தான் இந்த வேலை நடக்கும். போன் மேப்புக்கு பேட்டரி நிலையைச் சொல்லும் வண்டிகளும் வந்துகொண்டிருக்கின்றன, இன்னும் எல்லாவற்றிலும் இல்லை. ஆகவே மின்சார வண்டி வாங்குபவருக்கு என் பதில் வேறு. அங்கே சொந்த நேவிகேஷன் தரமாக இருக்கிறதா என்பதை மோட்டாரைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும்.

2020-ல் வந்த போல்ஸ்டார் 2 என்ற மின்சார வண்டியிலிருந்து, கூகுள் மேப்ஸே வண்டியின் சொந்த மேப்பாக வரும் மாடல்கள் இருக்கின்றன. அதற்குப் போன் தேவையில்லை. பேட்டரியும் தெரியும், நெரிசலும் தெரியும். நான் ஓட்டிப் பார்த்தவரை இரண்டு உலகத்தின் நல்லதும் சேர்ந்தது இதுதான். பத்து வருடம் கழித்து யார் புதுப்பித்துத் தருவார்கள் என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. இன்னொரு பக்கம், தன் புதிய மின்சார வண்டிகளில் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருக்காது என்று ஜெனரல் மோட்டார்ஸ் 2023-ல் அறிவித்தது. எனவே எது இருக்கும் என்று ஊகிக்காமல், வாங்கப் போகும் மாடலில் நேரில் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது உங்கள் போனையும் ஒயரையும் எடுத்துப் போங்கள். நிறுத்திய வண்டியில் திரையைத் தடவிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, மேம்பாலமோ அடித்தளப் பார்க்கிங்கோ உள்ள பாதையைக் கேளுங்கள். வண்டியின் மேப்பில் சமீபத்தில் திறந்த ஒரு சாலை இருக்கிறதா என்று தேடுங்கள். போன் மேப்பின் திருப்பக் குறி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் திரையிலோ முன்கண்ணாடியிலோ வருகிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் சொந்த நேவிகேஷனுக்கு மட்டும்தான் அந்த இடம். மேப் புதுப்பிப்பு எத்தனை வருடம் இலவசம், அதன் பின் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நான் இப்போது ஓட்டும் விதம் இதுதான். நடுத்திரையில் போன் மேப், குரலும் அதனுடையதே. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வண்டியின் சொந்த மேப், குரல் அணைத்து. சுரங்கத்திலும் பாலத்திலும் கண் பின்னதுக்குப் போகும், மற்ற நேரமெல்லாம் முன்னதுக்கு. இரண்டு குரலையும் ஒரே நேரத்தில் ஓடவிடுவதை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒன்று இடம் என்றும் இன்னொன்று வலம் என்றும் சொல்லும் நொடியில் ஓட்டுபவரின் கவனம் சாலையில் இருக்காது.

கடைசியாக, வண்டியை விற்கும்போதும் வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதும் செய்ய வேண்டியது. வாடகைக்கு எடுத்த ஒரு வண்டியில், “வீடு” என்ற பெயரில் முன்பு ஓட்டிய ஒருவரின் முகவரியும், அவர் போனிலிருந்து ஏறிய பெயர்ப்பட்டியலும் அப்படியே இருந்ததைப் பார்த்தேன். போன் மேப்பின் தேடல் பெரும்பாலும் நம் போனோடு நம் கையில் வந்துவிடும். வண்டியின் கருவியில் போட்டது வண்டியிலேயே தங்கும். செட்டிங்ஸில் அனைத்தையும் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் வசதி இருக்கும், அதைச் செய்யுங்கள். உங்கள் போனின் புளூடூத் பட்டியலிலிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள். வண்டி நிறுவனத்தின் செயலியில் உங்கள் கணக்கிலிருந்தும் அதை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் கைமாறிய பிறகும் அது எங்கே நிற்கிறது என்பது உங்கள் போனில் தெரிந்துகொண்டிருக்கலாம். பழைய வண்டி வாங்குபவராக இருந்தால், முந்தைய உரிமையாளர் இதையெல்லாம் செய்துவிட்டாரா என்று சாவி வாங்கும்போதே அவரை வைத்துக்கொண்டு திரையைத் திறந்து பார்த்துவிடுங்கள்.